அக்குள்ல கத்தியே வேணாமா? மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் சுருங்கிட்டே வர்ற கதை

வைகைக்கரை:

வீட்ல யாருக்காவது மார்புல கட்டி, பயாப்ஸில கேன்சர்னு வந்துட்டா சொந்தபந்தம் மொத்தமும் ஒரே குரல்ல சொல்றது "எதையும் மிச்சம் வைக்க வேணாம், பூரா எடுத்துடச் சொல்லு". மார்பு மட்டும் இல்ல, அக்குள்ல இருக்குற நெறிக்கட்டி, அதான் நிணநீர் முடிச்சு, அதையும் மொத்தமா வழிச்சு எடுத்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி. டாக்டர் "ஒண்ணு ரெண்டு எடுத்து டெஸ்ட் பண்ணா போதும்மா"ன்னு சொல்லிட்டா போச்சு, இந்தாளுக்கு அனுபவம் பத்தாது போல, வேற இடம் பாப்போம்னு கெளம்பிடுறாங்க. இப்ப அதுக்கும் ஒரு படி மேல போயி, சில பேருக்கு அந்த ஒண்ணு ரெண்டு கூட எடுக்க வேணாம்னு ட்ரையல் ரிசல்ட் வந்துருக்கு. அதான் இந்த இழை.

அமெரிக்காவுல 1894-லேர்ந்து ஹால்ஸ்டெட்ங்கிற சர்ஜன் பண்ண ராடிகல் மாஸ்டெக்டமிதான் சட்டம் மாதிரி இருந்துச்சு. மார்பு, அதுக்கு அடியில இருக்குற நெஞ்சுத் தசை, அக்குள் நெறிக்கட்டி எல்லாம் சேத்து எடுத்துடுறது. கேன்சர் ரயில் மாதிரி ஒரு ஸ்டேஷன் விட்டு அடுத்த ஸ்டேஷன்னு வரிசையாப் போகும், முன்னாடியே தண்டவாளத்தைப் பேத்துட்டா நின்னுடும், இதான் அவங்க நம்பிக்கை. பிட்ஸ்பர்க்ல பெர்னார்ட் ஃபிஷர்னு ஒரு சர்ஜன், அவர் சொன்னது வேற, பல பேருக்கு கட்டி நம்ம கண்ணுல படுறதுக்கு முன்னாடியே செல்லு ரத்தத்துல கலந்து போயிருக்கும், அதனால அக்குளை எவ்வளவு தோண்டினாலும் உயிர் பிழைக்கிறது அதுல இல்லன்னாரு. சும்மா சொல்லல, 1971-ல பி-04ன்னு ஒரு ட்ரையல் ஆரம்பிச்சாரு. கைக்கு நெறிக்கட்டி தட்டுப்படாத 1,079 பெண்களை சீட்டு குலுக்கி மூணாப் பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன், இன்னொண்ணுக்கு மார்பை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன், மூணாவது குரூப்புக்கு மார்பை மட்டும் எடுத்துட்டு அக்குளை அப்படியே விட்டுட்டாங்க, பின்னாடி நெறி கட்டினா மட்டும் எடுக்குறது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதான். ஹால்ஸ்டெட் குரூப்புல எடுத்த நெறிக்கட்டிகளை மைக்ரோஸ்கோப்ல பாத்தா 40 சதவீதம் பேருக்கு அதுல கேன்சர் இருந்துச்சு. அப்ப சீட்டு குலுக்கிப் பிரிச்சதால மூணாவது குரூப்புலயும் அதே 40 சதவீதம் பேருக்கு உள்ள கேன்சர் இருந்துருக்கணும், அதை எடுக்காமத்தான் விட்டுருக்காங்க. ஆனா பின்னாடி அக்குள்ல நெறி கட்டி வந்தது 5-ல ஒருத்தருக்கும் கம்மி. 25 வருஷம் கழிச்சு 2002-ல கணக்குப் பாத்தா மூணு குரூப்புக்கும் உயிர் பிழைச்சதுல வித்தியாசமே இல்ல.

அப்புறம் 90கள்ல சென்டினல் நோட் வந்துச்சு. நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ மார்புல போட்டு அது முதல்ல போய்ச் சேர்ற நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பாக்குறது, அதுல ஒண்ணும் இல்லன்னா மத்ததைத் தொடுறதில்ல. அதுல கேன்சர் இருந்தாலும் ஒண்ணு ரெண்டுல மட்டும்னா மிச்சத்தை விட்டுடலாமான்னு கேட்டது இசட் 0011 ட்ரையல். 891 பேர், 10 வருஷத்துல உயிரோட இருந்தவங்க, விட்டவங்கள்ல 86.3 சதவீதம், முழுசா எடுத்தவங்கள்ல 83.6. இப்ப கடைசியா மிலான்லேர்ந்து சவுண்ட் ட்ரையல், 2023-ல வந்தது, 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி, அக்குள் அல்ட்ராசவுண்ட்ல சுத்தம், அப்படிப்பட்ட 1,405 பேர்ல பாதிப்பேருக்கு சென்டினல் கூட எடுக்கல. 5 வருஷத்துல வேற உறுப்புக்குப் பரவாம இருந்தவங்க 98.0, சென்டினல் எடுத்தவங்கள்ல 97.7. 2024 டிசம்பர்ல ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேந்து பண்ண இன்செமா, 5 சென்டிமீட்டர் வரைக்கும் கட்டி, 5,502 பேர், அதுல நோய் திரும்ப வராம உயிரோட இருந்தவங்களைப் பாத்தாங்க, சென்டினல் எடுக்காதவங்கள்ல 91.9, எடுத்தவங்கள்ல 91.7.

என் கருத்து நேரடியா சொல்லிடுறேன். மார்பகப் புற்றுநோய்ல அறுவை சிகிச்சை நல்லா ஆனது கத்தியைக் கம்மி பண்ணதாலதான், அதை தைரியமா கம்மி பண்ண வச்சது சீட்டு குலுக்கிப் பண்ண ட்ரையல்கள்தான். யாராவது மாத்துக் கருத்து இருந்தா வாங்க.

மொட்டைமாடி:

நல்ல பதிவு சகோ. ஆனா அந்த ஹால்ஸ்டெட் என்ன மடையனா? 80 வருஷம் எல்லா சர்ஜனும் கண்ணை மூடிட்டு அதையே பண்ணாங்களா?

வைகைக்கரை:

மடையன்லாம் இல்ல சகோ. அவர் காலத்துல வந்தவங்களைப் பாருங்க, மேமோகிராம் கெடையாது, கீமோ கெடையாது, கட்டி கைப்பிடி அளவுக்கு வளந்து தோல் வெடிச்சு புண்ணா நாறின நிலைமையிலதான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சாங்க. எடுத்த இடத்துலயே திரும்ப வர்றதைத் தடுக்குறதுல அவர் ஆபரேஷன் உண்மையிலயே அப்ப இருந்ததுல பெட்டர். பிரச்சனை என்னன்னா அந்த இடத்துல வரலன்னா ஆள் பிழைச்சுட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பே இல்லாம 80 வருஷம் ஓடிடுச்சு.

நடுவுல எதிர்த்தவங்களும் இருந்தாங்க. லண்டன்ல 1920கள்லயே ஜெஃப்ரி கெயின்ஸ் ரேடியம் ஊசி வச்சு மார்பை எடுக்காமலே வைத்தியம் பாத்தாரு, பொருளாதார மேதை கெயின்ஸோட தம்பி இவரு. யாரும் காதுல வாங்கல.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, ஆனா கொஞ்சம் மெதுவா போங்க வைகை. இசட் 0011-க்கு 1,900 பேர் சேக்கணும்னு திட்டம், ஆள் சேரல, எதிர்பார்த்த அளவுக்கு சாவும் நடக்கல, 891-லயே மூடிட்டாங்க. பாதி ஆளை வச்சு 'வித்தியாசம் இல்ல'ன்னு சொல்றதுக்கும் 'வித்தியாசம் இருந்தாலும் நாங்க முன்னாடியே சொன்ன அளவைத் தாண்டல'ன்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, ரெண்டாவதுதான் இவங்க சொன்னது. 86.3-ங்கிறது 83.6-ஐ விட ஜாஸ்தின்னு பாத்துட்டு 'எடுக்காம விட்டவங்க நல்லா இருக்காங்க'ன்னு யாராவது கெளம்பிடப் போறாங்க, அதுக்கும் ஆதாரம் இல்ல.

இன்னொண்ணு, அதுல விதிமுறைப்படி எல்லாருக்கும் கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பு முழுக்க ரேடியேஷன் குடுக்கணும். அந்த ரேடியேஷன் அக்குளோட கீழ்ப் பகுதியையும் தொட்டுடும். பின்னாடி ரெக்கார்டு கிடைச்சவங்களை மட்டும் எடுத்துப் பாத்ததுல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு வழக்கத்தை விட உயரமா வச்சு குடுத்துருக்காங்கன்னு தெரிஞ்சுது. சில பேருக்கு நெறிக்கட்டிக்குன்னே தனியா குடுத்துருக்காங்க, அது விதிமுறைப்படி கூடாது. அப்ப அக்குள்ல மிச்சம் இருந்ததை கரண்ட் வச்சுப் பொசுக்கிட்டு 'கத்தி வேணாம்'னு சொன்ன மாதிரி ஆகலையா?

மார்பை முழுசா எடுத்தவங்களுக்கு இசட் 0011-ஐ அப்படியே பொருத்தக் கூடாதுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. வீட்ல 'பூரா எடு'ன்னு சொல்லி மாஸ்டெக்டமி பண்ணிக்கிறாங்க, ரேடியேஷன் பயம் வேற, அது இல்லாம விட்டுட்டு அக்குள்லயும் சும்மா விட்டா அது அந்த ட்ரையலே இல்ல.

பொன்னி_72:

தம்பிங்களா, நீங்க சதவீதம் பேசுறீங்க, நான் கை பேசுறேன். எனக்கு ஆபரேஷன் ஆன காலத்துல சென்டினல்னு ஒரு பேச்சே யாரும் எடுக்கல, அக்குள் முழுசும் எடுத்தாச்சு. 19 நெறிக்கட்டி எடுத்து அதுல ஒண்ணுல கூட கேன்சர் இல்லன்னு ரிப்போர்ட்ல இருக்கு. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க, நானும்தான்.

கை வீங்க ஆரம்பிச்சது அடுத்த வருஷம். மொதல்ல சாயங்காலத்துல மட்டும், காலையில வடிஞ்சுடும், அப்புறம் வடியவே இல்ல. வளையல் கழட்டியாச்சு. ரவிக்கை தைக்கக் குடுக்கும்போது இடது கைக்கு மட்டும் அளவு கூட்டித் தைக்கச் சொல்லணும், டெய்லர் ஒவ்வொரு தடவையும் 'அளவு தப்பா எழுதிருக்கீங்களாக்கா'ன்னு கேப்பாரு. கீரை ஆயும்போது விரல்ல சின்னதா ஒரு கீறல், மறுநாள் கை முழுக்க செவந்து குளிர் காய்ச்சல், அட்மிஷன். இறுக்கமா ஒரு ஸ்லீவ் குடுத்துருக்காங்க, சித்திரை வெயில்ல அதைப் போட்டுட்டு அடுப்படியில நின்னு பாருங்க தெரியும்.

உயிரோட இருக்கேன், அதுக்கு நன்றி சொல்றேன். ஆனா கத்தியைக் கம்மி பண்றது ஏதோ ஃபேஷன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

வைகைக்கரை:

அக்கா, நீங்க எழுதினதுக்கு மேல நான் என்ன எழுத. நம்பர் மட்டும் ஒண்ணு சேத்துடுறேன், 2014-ல வந்த ஆமரோஸ் ட்ரையல், ஐரோப்பாவுல பண்ணது, சென்டினல்ல கேன்சர் இருந்தவங்களுக்கு ஒரு பக்கம் அக்குள் முழுசா ஆபரேஷன், இன்னொரு பக்கம் ஆபரேஷன் இல்லாம அக்குளுக்கு ரேடியேஷன். அக்குள்ல திரும்ப வந்தது ரெண்டு பக்கமும் சொற்பம், 0.43, 1.19 சதவீதம். கை வீக்கம் 5 வருஷத்துல ஆபரேஷன் குரூப்புல 23 சதவீதம், ரேடியேஷன் குரூப்புல 11. கணக்குப்பிள்ளை கேட்ட 'பொசுக்கிட்டாங்க' கேள்விக்கும் இது ஒரு பதில், பொசுக்கினதாவே இருக்கட்டும், கைக்கு அது பாதி செலவுதான்.

ஸ்கேன்_ரூம்:

நான் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் எழுதுற ஆளு. சவுண்ட், இன்செமா ரெண்டுமே நிக்கிறது எங்க தலையில. 'அக்குள் ஸ்கேன்ல சுத்தம்'னு ஒருத்தர் எழுதுறதை நம்பித்தான் கத்தி வேணாம்னு முடிவு. அந்த ஒருத்தர் யாருன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க.

நல்ல நெறிக்கட்டி பாக்க மொச்சைக்கொட்டை வடிவத்துல, நடுவுல வெள்ளையா கொழுப்பு, சுத்தி மெல்லிசா கருப்பு வெளிப்பட்டை. அந்த வெளிப்பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சாலோ, ஒரு பக்கம் மட்டும் புடைச்சாலோ, நடுக் கொழுப்பு காணாமப் போனாலோ சந்தேகம், உடனே ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும். இதுக்கு நல்ல ஹை ஃப்ரீக்வன்சி ப்ரோப் வேணும், கையைத் தூக்கி வச்சு பொறுமையா மூணு மட்டமும் தேடணும். வாசல்ல நாப்பது பேர் வயித்து ஸ்கேனுக்கு தண்ணி குடிச்சுட்டு நிக்கிற சென்டர்ல, ரெக்வஸ்ட் ஃபார்ம்ல 'மார்பு ஸ்கேன்'னு மட்டும் எழுதி அனுப்பினா அக்குளை எத்தனை பேர் பாப்பாங்க?

அப்புறம் எவ்வளவு நல்லாப் பாத்தாலும் குட்டி குட்டியா உள்ள இருக்குறது தெரியாது. சவுண்ட்லயே ஸ்கேன் சுத்தம்னு சொன்னவங்கள்ல சென்டினல் எடுத்துப் பாத்தப்ப 13.7 சதவீதம் பேருக்கு கேன்சர் இருந்துச்சு. வைகை சொன்ன பி-04 கதைதான் இதுவும், இன்னொரு பாதியிலயும் அதே அளவு இருந்துருக்கணும், அதை எடுக்காம விட்டும் ஒண்ணும் ஆகல. அந்த வகையில ஸ்கேன் கண்டுபிடிக்காதது எல்லாமே ஆளைக் கொல்லாதுன்னு ஒரு ஆறுதல். ஆனா மோசமா பண்ண ஸ்கேன்ல விட்டுப்போறது இந்த 13.7-ல சேராது.

எம்.ஆர்.ஐ. எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சுடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுக்கும் ட்ரையல் இருக்கு. பிரிட்டன்ல கோமிஸ், 2010, 1,623 பேர். ஆபரேஷனுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ. எடுத்தா 'ஓரத்துல மிச்சம் இருக்கு, திரும்ப வாங்க'ங்கிற ரெண்டாவது ஆபரேஷன் குறையுமான்னு பாத்தாங்க. எடுத்தவங்களுக்கும் 19 சதவீதம், எடுக்காதவங்களுக்கும் 19 சதவீதம். சும்மா காசு. எம்.ஆர்.ஐ.யே வேஸ்ட்னு சொல்லல, நெதர்லாந்துல மார்பு ரொம்ப அடர்த்தியா இருக்குற பெண்களுக்கு ஸ்க்ரீனிங்ல குடுத்துப் பாத்தாங்க, ரெண்டு மேமோகிராமுக்கு நடுவுல தானா தலைகாட்டுற கேன்சர் 1,000-க்கு 5.0-லேர்ந்து 2.5 ஆச்சு. எதுக்கு எடுக்குறோம்ங்கிறதுதான் விஷயம்.

ஸ்கார்பரோ_சுதா:

வணக்கம். நான் கனடாவில இருக்கிறன், இந்த இழையை ரெண்டு தரம் வாசிச்சனான். ஒரு கேள்வி. ஃபிஷரின்ர ஆய்வில மொன்றியல் டொக்டர் ஒருத்தர் பொய்த் தரவு குடுத்தவர் எண்டு இஞ்ச 90களில பெரிய கதை வந்தது. அப்ப எங்கட ஆக்கள் கன பேர் 'பாத்தியே, மார்பை எடுக்காம விடச் சொன்னதெல்லாம் பொய்' எண்டு கதைச்சவை. அதைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லையே?

வைகைக்கரை:

சூப்பர் கேள்வி சுதாக்கா. ஆமா, அது நடந்தது. மொன்றியல் செயிண்ட் லுக் ஆஸ்பத்திரியில ரோஜர் புவாஸோன்னு ஒரு சர்ஜன். ட்ரையல் விதிப்படி தகுதி இல்லாத பெண்களையும் சேக்குறதுக்காக தேதி மாதிரி விவரங்களை மாத்தி எழுதிருக்காரு. 1994-ல சிகாகோ ட்ரிப்யூன் எழுதினதும் வெடிச்சது, ஃபிஷரையே ட்ரையல் நடத்தின அமைப்போட தலைமையிலேர்ந்து தூக்கிட்டாங்க. பின்னாடி 1997-ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு, அது தனிக்கதை.

இதுல மாட்டினது பி-06, அதாவது மார்பு முழுசா எடுக்குறதா, கட்டியை மட்டும் எடுக்குறதா, கட்டியை எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்குறதான்னு பாத்த ட்ரையல். செயிண்ட் லுக் ஆளுங்க எல்லாரையும் கழிச்சுட்டு திரும்பக் கணக்குப் போட்டாங்க, ரிசல்ட் மாறல. 20 வருஷக் கணக்கு 2002-ல வந்துச்சு, உயிர் பிழைச்சதுல மூணும் ஒண்ணுதான். ஆனா கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்காம விட்டவங்களுக்கு அதே மார்புல திரும்ப வந்தது 39.2 சதவீதம், குடுத்தவங்களுக்கு 14.3. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, ரேடியேஷன் விருப்பப்பட்டா எடுத்துக்குற விஷயம் இல்ல.

அதுக்கும் மேல, பிட்ஸ்பர்க்கை மொத்தமா மறந்துட்டாலும் மிலான்ல வெரோனேசின்னு ஒரு சர்ஜன் தனியா பண்ண ட்ரையல் இருக்கு, 701 பேர், ஹால்ஸ்டெட் ஆபரேஷன் ஒரு பக்கம், மார்புல கால்வாசி மட்டும் எடுத்து ரேடியேஷன் இன்னொரு பக்கம், 20 வருஷத்துல அதே பதில். ரெண்டு நாடு, ரெண்டு குழு. ஒருத்தர் பொய் சொன்னாலும் உண்மை தப்பிக்கிறது இப்படித்தான்.

இன்னொரு விஷயம், சர்ஜன்கள் மட்டும் மனசு மாறி இது நடக்கல. அப்பல்லாம் பெண்களை மயக்கம் குடுத்து கட்டியை எடுத்து அங்கயே டெஸ்ட் பண்ணி கேன்சர்னா அதே மயக்கத்துல மார்பையும் எடுத்துடுவாங்க. கண்ணு முழிச்சாத்தான் மார்பு இருக்கா இல்லையான்னே தெரியும். ரோஸ் குஷ்னர்னு ஒரு பத்திரிகையாளர், 1974-ல தனக்கு வந்தப்ப அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னாங்க. பயாப்ஸி தனியா, முடிவு தனியான்னு அவங்க போட்ட சண்டையில 1979-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழுவே அதை ஏத்துக்கிச்சு, அந்தக் குழுவுல டாக்டர் இல்லாத ஒரே ஆளு அவங்கதான்.

கத்திரி:

அரசு ஆஸ்பத்திரி சர்ஜன். ஓ.பி. முடிஞ்சு வந்து படிச்சேன், சுருக்கமா சொல்றேன்.

நீங்க பேசுற 2 சென்டிமீட்டர் கட்டி என் டேபிளுக்கு அபூர்வமாத்தான் வருது. வர்றது 5, 6, சில சமயம் தோல்லயே புண்ணோட. அக்குள்ல நெறிக்கட்டி கைக்கே தட்டுப்படும், ஸ்கேன் கூட வேணாம். இவங்களுக்கு முதல்ல கீமோ, சுருங்கினப்புறம் ஆபரேஷன். இசட் 0011, சவுண்ட், இன்செமா எதுவுமே இவங்களைச் சேத்துக்கல, அதனால வாட்ஸாப்ல யாராவது 'அக்குள் ஆபரேஷனே தேவையில்லையாம்'னு அனுப்பினதைக் காட்டிட்டு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க. போன மாசம் ஒரு வீட்டுக்காரர் அப்படித்தான் வந்தாரு.

ரெண்டாவது, மார்பைக் காப்பாத்தலாம்னு நான் சொன்னாலும் அவங்களே 'எடுத்துடுங்க சார்'னு சொல்றதுக்குக் காரணம் எப்பவும் பயம்னு நினைக்காதீங்க. கட்டியை மட்டும் எடுத்தா அப்புறம் ரேடியேஷன் கட்டாயம். மெஷின் இருக்குற ஊருக்கு வந்து அஞ்சு வாரம் தங்கணும், கூட ஒரு ஆளு தங்கணும், அந்த ஆளுக்கு கூலி போச்சு, வீட்ல பிள்ளைங்களை யாரு பாப்பா. காப்பீட்டு அட்டை மெஷினுக்குத்தான் காசு கட்டும், ரூம் வாடகைக்குக் கட்டாது. எங்க ஆளுங்களுக்கு இந்த வருஷங்கள்ல வந்த பெரிய நல்ல செய்தி எதுன்னு கேட்டா அக்குள் ட்ரையல் இல்ல, ஃபாஸ்ட் ஃபார்வர்ட்னு சொல்லுவேன். பிரிட்டன்ல 4,096 பேருக்குப் பண்ணது, 2020. மூணு வாரம் 15 தடவை குடுக்குறதுக்குப் பதிலா ஒரே வாரத்துல 5 தடவை, மொத்தம் 26 கிரே (கிரேங்கிறது கதிர் அளவு), 5 வருஷத்துல திரும்ப வர்றதுல மோசமில்ல. ஒரு வாரம்னா ஊருக்காட்டுலேர்ந்து வந்து தங்கிட்டுப் போயிடுவாங்க. பலபேருக்கு மார்பு மிஞ்சுறது இந்த மாதிரிக் கணக்குலதான் இருக்கு.

மொட்டைமாடி:

டாக்டர் சார் நீங்க வந்தது நல்லதாப் போச்சு. எங்க அத்தைக்கு எலும்புக்குப் பரவிடுச்சு, நாலாவது ஸ்டேஜாம். மார்புல கட்டி இன்னும் இருக்கு. ஆபரேஷன் பண்ண மாட்டோம், மருந்து மட்டும்னு சொல்லிட்டாங்க. மாமா அழுறாரு, கைவிட்டுட்டாங்க, காசு இல்லாதவங்கன்னு கழிச்சுட்டாங்கன்னு. மூலக் கட்டியையே விட்டு வச்சா எப்படி சார் நிக்கும்?

கத்திரி:

கைவிடல தம்பி, மாமாகிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. இந்தக் கேள்வியை உலகத்துக்கே முதல்ல சரியாக் கேட்டவங்கள்ல நம்ம ஊரு ஆளுங்களும் இருக்காங்க. மும்பை டாடா மெமோரியல்ல டாக்டர் ராஜேந்திர பட்வே குழு, 350 பெண்கள், எல்லாருக்கும் முதல்லயே பரவினது, கீமோவுக்குக் கட்டுப்பட்டவங்க. பாதிப்பேருக்கு மார்பு அக்குள் ஆபரேஷன், ரேடியேஷன், மீதிப்பேருக்கு அது இல்ல. 2015-ல ரிசல்ட். பாதிப்பேராவது உயிரோட இருந்த காலம், பண்ணவங்க 19.2 மாசம், பண்ணாதவங்க 20.5 மாசம். அமெரிக்காவுல பின்னாடி பண்ணதுலயும் பலன் இல்லன்னுதான் வந்துச்சு, அங்க மருந்து நல்லா கிடைச்சதால ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 54 மாசம். அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நாளைக் கூட்டினது கத்தி இல்ல, மருந்து.

புண்ணாகி ரத்தம் வடிஞ்சா, நாத்தம் வந்தா அப்ப எடுப்போம், அது நிம்மதிக்காக. அத்தைக்கு ஹார்மோன் பாசிட்டிவா (ஹார்மோனால வளர்ற வகையா), ஹெர்2ங்கிற புரதம் என்னன்னு ரிப்போர்ட்ல பாருங்க. எலும்புக்கு மட்டும் போன ஹார்மோன் பாசிட்டிவ்னா மாத்திரையிலயே வருஷக்கணக்குல நல்லா இருக்குறவங்க என் ஓ.பி.யிலயே இருக்காங்க.

கணக்குப்பிள்ளை:

நேர்மைக்கு ஒண்ணு சேத்துடுறேன், துருக்கியில பண்ண ட்ரையல்ல 5 வருஷக் கணக்குல ஆபரேஷனுக்குச் சாதகமா வந்துச்சு. ஆனா அதுல ஆபரேஷன் பக்கம் போனவங்க ஆரம்பத்துலயே கொஞ்சம் லேசான வகை நோய்க்காரங்க, சீட்டு குலுக்கினதுல சமமா விழல. அதை வச்சு தீர்ப்பு சொல்ல நான் தயாரா இல்ல.

பட்வே குழு பேரு வந்ததால இன்னொண்ணு. 2022-ல பாரிஸ்ல நடந்த ஐரோப்பிய கேன்சர் மாநாட்டுல அவங்க ஒரு ரிசல்ட் வச்சாங்க, அடுத்த வருஷம் பேப்பரா வந்துச்சு. பல்லு டாக்டர் மரத்துப்போக போடுறாரே லிக்னோகெய்ன், அதே மருந்தை ஆபரேஷனுக்கு 7-லேர்ந்து 10 நிமிஷம் முன்னாடி கட்டியைச் சுத்திப் போட்டுட்டு அப்புறம் கத்தி வச்சா, 5 வருஷத்துல உயிரோட இருந்தவங்க 86.4-லேர்ந்து 90.1 ஆச்சாம். இந்தியாவுல 11 சென்டர், கிட்டத்தட்ட 1,600 பேர். கத்தி படும்போது செல்லு கெளம்பி ஓடுறதை அந்த மருந்து தடுக்குதுங்கிறது அவங்க ஊகம். நூறு ரூபாய்க்குள்ள முடியுற மருந்துக்கு இவ்வளவு பலன்னா விலை உயர்ந்த மருந்துக் கம்பெனிக்கே பொறாமை வரும். எனக்கு இருக்குற உறுத்தல், மத்த பக்கத்துக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி கூட போடல, யாருக்கு என்ன போட்டாங்கன்னு சர்ஜனுக்குத் தெரியும். வேற எங்கயாவது இன்னொரு தடவை பண்ணி இதே மாதிரி வந்தா நானே தெருவுல கத்துவேன்.

கத்திரி:

நான் போட ஆரம்பிச்சுட்டேன். கெடுதல் இல்ல, செலவு இல்ல. உங்க மறுபடி ட்ரையல் வர்றவரைக்கும் என் பேஷண்ட்டைக் காக்க வைக்க முடியாது பிள்ளை.

கணக்குப்பிள்ளை:

ஹால்ஸ்டெட்டும் இப்படித்தான் சொல்லிருப்பாரு டாக்டர் :)

கத்திரி:

ஹாஹா, அவர் தசையை எடுத்தாரு, நான் ஊசி போடுறேன். ரெண்டும் ஒண்ணா?

நெய்தல்_நிலா:

புது ஆளு, இழை முழுக்கப் படிச்சேன். என் அக்காவுக்கு 41 வயசு, மேமோகிராம் ஸ்கேன் எல்லாம் பாத்து 1.8 சென்டிமீட்டர், ட்ரிபிள் நெகட்டிவ், அதாவது ரெண்டு ஹார்மோனும் ஹெர்2-வும் இல்லாத வகைன்னு பயாப்ஸி வந்துருக்கு. அக்குள் ஸ்கேன்ல சுத்தம்னு இருக்கு. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்கலாம்னு சொல்லிருக்காங்க. அப்ப சவுண்ட் கணக்குப்படி 2 சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கு, சென்டினல் வேணாம்னு கேக்கலாமா? கை வீக்கம் பத்தி பொன்னி அக்கா எழுதினதைப் படிச்சுட்டு எங்க அக்கா ரொம்ப பயந்துருக்கா.

கத்திரி:

கேளுங்கம்மா, கேக்குறதுல தப்பே இல்ல. ஆனா என்கிட்ட கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டேன். சவுண்ட்ல கட்டி அளவு மட்டும் இல்ல, சேந்தவங்க யாருன்னும் பாக்கணும், பெரும்பாலானவங்க வயசு கூடினவங்க, ஹார்மோன் பாசிட்டிவ் வகை. இன்செமாவும் அப்படித்தான். அமெரிக்க ஆங்காலஜி சங்கம் 2025-ல விட்டுடலாம்னு சொன்னதும் மாதவிடாய் நின்ன, 50 வயசுக்கு மேல, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், சின்னக் கட்டி உள்ளவங்களுக்கு. உங்க அக்கா 41, ட்ரிபிள் நெகட்டிவ். அந்த வகையில நெறிக்கட்டியில இருக்கா இல்லையாங்கிறது அடுத்து என்ன மருந்து, கீமோ முன்னாடியா பின்னாடியா, இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற மருந்து) தேவையாங்கிறதை எல்லாம் மாத்தும். அந்தத் தகவல் இல்லாம ஆங்காலஜிஸ்ட் இருட்டுல மருந்து எழுத வேண்டி வரும்.

பயப்படுறது முழு அக்குள் ஆபரேஷனுக்கு. சென்டினல்ல எடுக்குறது சில நெறிக்கட்டிதான், கை வீக்கம் அதுல ரொம்பக் கம்மி. ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ குடுக்கலாமான்னும் சர்ஜன், ஆங்காலஜிஸ்ட் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுக் கேளுங்க, தனித்தனியா கேட்டா தனித்தனி பதில் வரும்.

ஸ்கேன்_ரூம்:

கூட ஒண்ணு, ரிப்போர்ட்ல 'அக்குள் நெறிக்கட்டி பெருசா இல்ல'ன்னு ஒத்தை வரி இருந்தா அதை நம்பாதீங்க. வெளிப்பட்டை எத்தனை மில்லிமீட்டர், நடுக் கொழுப்பு இருக்கான்னு எழுதியிருக்கணும். இல்லன்னா மார்பு ஸ்கேன் மட்டும் பண்ற ஆள்கிட்ட திரும்ப ஒரு தடவை அக்குளை மட்டும் பாத்துடுங்க.

பொன்னி_72:

நிலா, அக்காகிட்ட சொல்லு, எனக்கு எடுத்தது 19, அவளுக்கு எடுக்கப் போறது ஒண்ணு ரெண்டு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேணாம். எடுத்த மறுநாள்லேர்ந்தே கையைத் தூக்குற எக்சர்சைஸ் சொல்லித் தரச் சொல்லி பிசியோவைக் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. வேற என்ன கேக்கணும்னாலும் தனிச்செய்தி அனுப்பு.